நீதிமன்றத்தில் மனுவுக்கு என்ன வேலை?

ஜெய்ப்பூரில் உள்ள ராஜஸ்தான் உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுவின் சிலை நிற்கிறது. அதை அகற்றச் சொன்னால், "வரலாற்றை அழிக்காதீர்கள்" என்கிறார்கள். எந்த வரலாற்றை?

அது மன்னர் காலத்துச் சிலை அல்ல. 1989-இல் வைக்கப்பட்டது, அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 39 ஆண்டுகள் கழித்து. நமக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1989-இல்தான். ஒரே குற்றத்துக்கு வருணம் பார்த்துத் தண்டனை சொன்ன நூலின் பெயருக்குரியவருக்கு, அந்த ஆண்டிலேயே நீதிமன்றத்துக்குள் இடம் கிடைத்தது.

எதிர்ப்பு எழுந்ததும், அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளே கூடிச் சிலையை அகற்ற முடிவெடுத்தார்கள். மனுவைக் காப்பாற்ற ஒரு மனு போடப்பட்டது; இடைக்காலத் தடையும் கிடைத்தது. அந்த 'இடைக்காலம்' 30 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2018 அக்டோபரில் மகாராஷ்டிரத்திலிருந்து போன இரண்டு பெண்கள் அதன்மேல் கறுப்புச் சாயம் பூசினார்கள். அவர்களைக் கைது செய்வதில் மட்டும் தாமதம் இல்லை.

நாம் எதையும் மறக்கச் சொல்லவில்லை. 1927-இல் மகாடில் மனுஸ்மிருதியை எரித்த அண்ணல் அம்பேத்கர்தான், அதை ஊன்றிப் படித்து, அதன் விதிகளை எடுத்துக்காட்டி எழுதியவர். நூல் இருக்கட்டும், வகுப்பறையில் படிக்கட்டும். சிலையையும் உடைக்க வேண்டாம். அருங்காட்சியகத்தில் வைத்து, அந்த நூல் யாருக்கு என்ன செய்தது என்று பக்கத்தில் எழுதி வைக்கட்டும். நினைவில் வைப்பது வேறு, பீடத்தில் வைப்பது வேறு.

"சிலையை எடுத்துவிட்டால் சாதி போய்விடுமா?" என்றும் கேட்கிறார்கள். போகாதுதான். ஆனால் வன்கொடுமை வழக்குக்காக அங்கே போகும் ஒரு தலித் பெண், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை நம்பித்தான் படியேறுகிறார். அதே வளாகத்தில் மனுவை நிறுத்தி வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையை அவரிடம் எப்படிக் கேட்பது?

நம் தமிழ்நாட்டில் அம்பேத்கர் சிலைகள் பல கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. உடைத்துவிடுவார்கள் என்ற பயம். சமத்துவம் எழுதியவர் கூண்டில், பாகுபாடு சொன்னவர் தடையுத்தரவின் நிழலில்! வரலாற்றின் மீது அக்கறை என்பவர்கள் இந்தக் கூண்டுகளைப் பற்றியும் ஒருமுறை பேசட்டும்.

நீதிபதிகள் 1989-இல் எடுத்த முடிவை நிறைவேற்றுங்கள். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.