கிம்பலுக்கு முன்பு காலர் மைக் வாங்குங்கள்

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று பள்ளத்தாக்கு நெடுக நம் காலனிப் பிள்ளைகள் வீடியோ தொழிலில் இருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாம் எடுக்கிறார்கள். கையில் காசு சேர்ந்தால் முதலில் கிம்பல், அடுத்து ட்ரோன். தொழிலுக்கு அது சரி. வன்கொடுமை நடந்த தெருவுக்குப் போகும்போது அந்தப் பை உதவாது. அங்கே அழகான காட்சி வேண்டாம். நீதிமன்றத்தில் நிற்கிற பதிவு வேண்டும்.

கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்து கடத்திக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் அவர். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. யுவராஜின் தண்டனையை 2023-ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

நம் தெருவுக்குக் கேமராவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். நல்ல செல்போனோ சிறிய கேமராவோ போதும். தோளில் பெரிய ரிக்கைச் சுமந்து போனால் பேசுகிறவர் ஒடுங்கிவிடுவார். எதிர்த் தரப்பு உஷாராகிவிடும். பயந்தவர் மெதுவாகத்தான் பேசுவார், அதனால் காலர் மைக் கட்டாயம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற ஆடிக்காற்று மைக்கில் இரைச்சலாக விழும். ரோம உறை போடாவிட்டால் வாக்குமூலம் போச்சு. பவர் பேங்க், இரண்டு மெமரி கார்டு, ஒரு மோனோபாட். கிளம்பும் முன் கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள்.

எடுத்த பிறகுதான் பலரும் கோட்டை விடுகிறோம். கார்டை அழித்து மறுபடி பயன்படுத்தாதீர்கள்; மூலப் பதிவு அதில்தான் இருக்கிறது. நகலில் மட்டும் எடிட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி வேறொன்றாகிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணைக் குறிக்க வேண்டும். அது கோப்பின் கைரேகை. ஒரு நொடியை வெட்டினாலும் மாறிவிடும். அன்றிரவே அதை எடுத்து எழுதி வையுங்கள்.

முகம் விஷயத்தில் கவனம். பேசியவர் மறுநாள் அதே ஆளின் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியிருக்கும். மூலப் பதிவு வழக்குக்கு. வெளியே விடுவது, அவர் சம்மதித்தால் மட்டும், முகத்தை மறைத்து. பாலியல் வன்முறை என்றால் அடையாளம் எதுவும் வெளியே போகவே கூடாது.

இத்தனையும் நாம் செய்வதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, வழக்கு நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோ பதிவு செய்யச் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் இது சட்டம். நம் பிள்ளைகள் சொந்தக் காசில் கார்டு வாங்கும்போது, அரசின் கேமரா எங்கே என்று ஒவ்வொரு வழக்கிலும் எழுத்து மூலம் கேளுங்கள்.

ஜெய்பீம்.