பக்கத்து ஸஃப்பில் நிற்பவர்

 

1826-இல் சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவியவர்கள், கடல் கடந்து பிழைக்கச் சென்ற நம் தமிழ் முஸ்லிம்களே. இன்று எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்திற்கு வங்காளச் சகோதரர்கள் அவ்வாறே பிழைப்புத் தேடி வருகின்றனர். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்கும் அவருக்கு, ஓதப்படும் சூரா பழக்கமானது; தமிழ் பயானோ புரியாதது. தொழுகை முடிந்ததும் நாம் வீட்டுச் சோற்றுக்கு விரைகிறோம். அவர் தகரக் கொட்டகைக்குத் திரும்புகிறார்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர் 9 பேர் மாண்டனர். எம்மதத்தவராயினும் அவர்கள் நம் அண்டை வீட்டார். மரணத்திற்கு முன் அவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிந்திருந்தோமா?

வரும் வெள்ளியன்று பக்கத்தில் நிற்பவரின் பெயரைக் கேளுங்கள். கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என விசாரியுங்கள். ஒருவேளை உணவுக்கு அழையுங்கள்.