சுரங்கத் தூசியும் மூன்று நிமிட மருத்துவமும்

கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து எழுபது வயதைக் கடந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் மூச்சிரைப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருகிறார் என்று கொள்வோம். வரிசை நீண்டிருக்கிறது. மருத்துவரால் அவருக்கு ஒதுக்க முடிவது இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள். அதற்குள் பல முடிவுகள் எடுக்கப்பட்டாக வேண்டும். இது ஆஸ்துமாவா, காசநோயா, இதயக் கோளாறா? உள்ளூரிலேயே பார்ப்பதா, பெங்களூருக்கு அனுப்புவதா? ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகளில் எதை நிறுத்துவது?

கேட்கப்படாமல் போவது ஒரே ஒரு கேள்விதான்: "ஐயா என்ன வேலை பார்த்தீர்கள்?"

தங்கவயலில் இக்கேள்வி இல்லாமல் நோயறிதலே இல்லை. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ், இந்தியாவில் முதன்முதலாக விரிவாகப் பதிவானதே கோலார் சுரங்கங்களில்தான். 1947இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்நோய் கண்டறியப்பட்டது. இதைக் குணப்படுத்த மருந்தில்லை. தூசியை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நோய் முற்றும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது நாற்பதுகளில் இருந்தவர்கள் இன்று முதியவர்கள்.

எக்ஸ்ரே படத்தில் சிலிகோசிஸ் காசநோயைப் போலத் தோன்றக்கூடும். எனவே சளியில் கிருமி இல்லாதவருக்கும் காசநோய் மருந்து மீண்டும் மீண்டும் தரப்படுவதுண்டு. மறுபுறம், சிலிகோசிஸ் உள்ளவரை உண்மையான காசநோயும் எளிதில் பற்றும் என்பதால் அச்சந்தேகத்தைத் தள்ளிவிடவும் முடியாது. முதியவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் சிக்கல் கூடுகிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும். இழுப்பை அடக்கத் தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவற்றை எடைபோட மருத்துவருக்கு நேரம் வேண்டும், பழைய பதிவேடு வேண்டும், நோயாளியின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். தங்கவயல் முதியவர் பேசுவது தமிழ், சுகாதாரத் துறையின் மொழி கன்னடம், மருந்துச் சீட்டோ ஆங்கிலம்.

நோயாளியின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. இரவில் படுத்துறங்கினால் போதும், தெருக்கோடிவரை நடந்து வந்தால் போதும் என்பதே பல முதியவர்களின் தேவை. பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். பகல் முழுவதும் முதியவர் தனியே இருக்கிறார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்வதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மகனின் ஒருநாள் கூலிதான். தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது.

2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை விரிவுபடுத்தியதாக மோடி அரசு பெருமை பேசியது. அத்திட்டம் படுக்கையில் சேர்க்கப்படுவோருக்கே பணம் தருகிறது. முதியவருக்கு மாதந்தோறும் தேவைப்படும் புறநோயாளிச் சிகிச்சைக்கும் இன்ஹேலருக்கும் அதில் இடமில்லை. பணம் மருத்துவமனைச் சேர்க்கையின் பக்கம் இருந்தால் முடிவும் அப்பக்கமே சாயும். லாபம் தனியார் மருத்துவமனைக்கு. அந்த அட்டையைப் பெறவும் ஆதார் வேண்டும். தொழிலாளர்களின் விரல்ரேகையைக் கட்டாயமாகப் பதிவுசெய்வதை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த ஊர் தங்கவயல். பாறையோடு உழைத்துத் தேய்ந்த அந்த விரல்களிடம்தான் இப்போதும் ரேகை கேட்கப்படுகிறது.

மாற்று வழிகள் கண்முன்னே உள்ளன. 2008இல் வலிநிவாரண, ஆதரவு சிகிச்சைக் கொள்கையை அறிவித்த கேரளம், உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியர்களை வீட்டுக்கே அனுப்புகிறது. அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. கர்நாடக அரசும் 2024இல் கிருக ஆரோக்கியா திட்டத்தைக் கோலார் மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் வீடு தேடி வரும் ஆஷா ஊழியர் தொழிலாளி என்ற தகுதிகூட இன்றி ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிறார். அவர் கையிலுள்ள படிவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இருக்கும் இடம், சுரங்கத்தில் கழிந்த ஆண்டுகளுக்கும் இருந்தாக வேண்டும்.

நிறுவனத்தின் மருத்துவமனை இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது தொண்டர்கள் புதரை வெட்டி, தரையைக் கழுவிச் சில வாரங்களில் அதைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர். கட்டடம் இல்லை, வழி இல்லை என்று இனி எந்த அரசும் சொல்ல முடியாது. 2024 ஜூனில் 13 சயனைடு மண்மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தைக் கணக்கிட்டவர்கள், அம்மேடுகளைக் கிளறும்போது எழும் தூசியைச் சுவாசிக்கப்போகும் முதியவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ராஜஸ்தானில் 2019ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, சிலிகோசிஸ் சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாயும் அவர் இறந்தால் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும் வழங்கப்படுகின்றன. தொழிலாளர் அமைப்புகள் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்துப் போராடியதன் விளைவு அது. தங்கவயலில் சான்று கோருவதற்குச் சுரங்கச் சட்டத்தின்படி நடத்தப்பட வேண்டியிருந்த காலமுறை மருத்துவப் பரிசோதனைகளின் பதிவுகள் தேவை. அவற்றைத் தொழிலாளர்களிடம் ஒப்படைக்க ஒன்றிய சுரங்க அமைச்சகம் கடமைப்பட்டது.

1946 நவம்பர் 4 துப்பாக்கிச் சூட்டில் பலியான ஆறு தொழிலாளர்களுக்குத் தங்கவயலில் ஆண்டுதோறும் செங்கொடி அஞ்சலி செலுத்துகிறது. அடுத்த நவம்பர் 4க்கு முன்பாகக் கட்சிக் கிளைகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் முதியவர்களைச் சந்தித்து, எந்தச் சுரங்கம், எத்தனை ஆண்டுகள், நிலத்தடியிலா ஆலையிலா, இப்போது என்னென்ன மாத்திரைகள் என்று எழுதி வாங்க வேண்டும். அதன் ஒரு படி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும், இன்னொரு படி மாவட்ட ஆட்சியருக்கும், மூன்றாவது படி அந்த முதியவரின் கைக்கும் போகட்டும்.