வாரிசுக்கு முந்துவோர் வயோதிகத்தில் எங்கே?

"மாமி மவுத்தானால் வீட்டில் எனக்கு எத்தனை பங்கு?" பிள்ளையில்லாத மூதாட்டி உயிரோடு இருக்கும்போதே ஆலிம்களிடம் இப்படி மஸ்அலா கேட்பவர்கள் நம் ஸ்ரீமுஷ்ணம் பகுதியிலும் உண்டு. சகோதரர் மகன் அஸபா என்பது இவருக்கு மனப்பாடம். அந்த மாமி இன்று சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள், விழிப்பார்!

அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? பழைய பேப்பர், பால் கவர், தகர டப்பா, கிழிந்த கோணி, காலி மருந்துப் பாட்டில். அடுப்படிக்குப் போக வழியில்லை. கட்டிலிலும் மூட்டை. கண் மங்கிய கிழவி இரவில் தடுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? உறவினர்களோ கஞ்சம் என்கிறார்கள், அல்லது ஜின் என்கிறார்கள்.

இரண்டும் அல்ல சகோதரர்களே! எதையும் வீச மனம் வராமல் சேர்த்துக் குவிப்பதை 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகவே பதிவு செய்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. வயதாக ஆக இது முற்றும். முதுமையில் புதிதாகத் தொடங்கினால் மறதி நோயா என்றும் பார்க்க வேண்டும். இதற்குத் தாயத்து கட்டுவோர் ஏர்வாடியை மறந்துவிட்டார்களா? 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபியின் உம்மத்துக்கு இது அழகா?

வெறும் பாசமும் போதாது. நியூயார்க்கில் கண் தெரியாத அண்ணன் ஹோமர் காலியரைத் தம்பி லாங்லி தானே பார்த்துக்கொண்டார்; வெளியார் யாரையும் உள்ளே விடவில்லை. 1947-ல் தம்பி குப்பைக்கடியில் நசுங்கிச் செத்தார்; சோறு கொடுக்க ஆளின்றி அண்ணனும் செத்தார். அந்த வீட்டிலிருந்து அள்ளியது நூறு டன்னுக்கும் மேல்!

இன்னும் சிலர், மாமியை விசேஷ வீட்டுக்கு அனுப்பிவிட்டு லாரி கொண்டுவந்து காலி செய்கிறார்கள். (பித்தளைப் பாத்திரம் மட்டும் குப்பையில் சேராது!) திரும்பி வந்தவர் இடிந்துபோகிறார், பிறகு யாரையும் நம்பமாட்டார், சில மாதத்தில் வீடு மறுபடி நிறையும். அவரிடம் கேட்டு, அவர் கண்முன்னால், முதலில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் அடுப்புக்கும் வழி விடுங்கள். அடுப்பருகே உள்ள பேப்பரை நகர்த்துங்கள். காலாவதியான மருந்தை எடுங்கள். மற்றது மெல்ல நடக்கட்டும்.

"மகனா நான், எனக்கென்ன கடமை?" என்பவருக்கு ஒரு செய்தி. ஏழையும் இயலாதவருமான மஹ்ரம் உறவினரின் ஜீவனாம்சம் வாரிசு விகிதப்படி கடமை என்பது ஹனஃபி சட்டம். நாட்டுச் சட்டமும் விடவில்லை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி, பிள்ளையில்லாத முதியவர் தம் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும். பராமரிப்பில் இருப்பவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஜனாஸா செலவுக்கு வசூலிக்கும் நீங்கள், தனியே கிடக்கும் முதியோரின் பட்டியலை எடுத்தீர்களா? மஹல்லாவில் இரண்டு பெண்களை அனுப்பி வாரம் ஒருமுறை பார்த்துவரச் சொல்லுங்கள். சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவமனைக்கு வண்டி வைத்து அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் இலவசம். இந்த எண்களை வரும் ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் பலகையில் எழுதுங்கள்.