மாமா கொடுத்த கார்! மருமகன் மாட்டிய சைலன்சர்!

"மாமா! அந்தக் காரை வெளியாளுக்கு ஏன் விக்கிறீங்க? எனக்கே குடுத்துடுங்களேன்!"

அக்கா மகன் கேட்கிறான். மாமாவுக்கு மனசு இளகுகிறது. "சரிடா மாப்ளே, எடுத்துட்டுப் போ!" என்கிறார். அத்தை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். சாவி கை மாறுகிறது. பணம் பாதி இன்று, மீதி மெதுவாக. பெயர் மாற்றம்? "நமக்குள்ள என்ன? அதையும் மெதுவாப் பார்த்துக்கலாம்!"

கார் போய்விட்டது. பெயர் மட்டும் மாமாவிடமே தங்கிவிட்டது. வம்பு இங்கேதான் ஆரம்பம்!

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. சென்னையில் தெருவுக்குத் தெரு நடப்பதுதான். அந்தக் கார் போலோ ஜி.டி.யாக இருக்கலாம். 2013-ல் இங்கே விற்பனைக்கு வந்த வண்டி. எஞ்சின் 1.2 லிட்டர்தான். ஆனால் டர்போ உண்டு. 105 குதிரை சக்தி! 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தி நின்றுபோனது. புதுசு கிடைக்காது என்பதாலேயே பழசுக்கு மவுசு. "ஏழைக்கேற்ற ஸ்போர்ட்ஸ் கார்" என்று இளவட்டங்கள் சொக்கிப்போகிறார்கள். ஆசைப்படுவது தப்பில்லை. அவசரப்படுவதுதான் தப்பு!

நள்ளிரவில் வந்த சேதி

ஒரு மாதம் போகிறது. மாமா வீட்டில் தூங்குகிறார். அவர் செல்போனில் "டிங்" என்று சத்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிவேகமாகப் போனதற்கு அபராதம்! சுங்கச்சாவடிப் பணமும் அவர் கணக்கில்தான் கழிகிறது. 'பாஸ்டேக்' அவர் பேரில் அல்லவா இருக்கிறது!

பணத்தோடு போனால் பரவாயில்லை. யார் மீதாவது வண்டி மோதிவிட்டால்?

மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை, யார் பேரில் பதிவோ அவர்தான் உரிமையாளர். இதைச் சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அந்த வழக்கில், காரின் சொந்தக்காரர் 2007-லேயே வண்டியை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அது பல கை மாறியது. 2009-ல் விபத்து, ஓர் உயிர் போனது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது முதல் ஆளின் பெயர்! "நான் எப்பவோ வித்துட்டேனே!" என்ற வாதம் எடுபடவில்லை. நஷ்டஈடு அவர் தலையில்தான் விடிந்தது.

முன்பின் தெரியாதவருக்கு விற்றவர்கூட, பயத்தில் பெயரை மாற்றிவிடுவார். சொந்தக்காரருக்கு விற்றவர்தான் சும்மா இருந்துவிடுகிறார். மருமகன் மேல் வைத்த நம்பிக்கை, மாமாவைக் கோர்ட்டுப் படி ஏற்றிவிடுகிறது!

14 நாள் கணக்கு

செய்ய வேண்டிய வேலை மலையைப் புரட்டுவது அல்ல. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29, படிவம் 30. காரின் மேல் பாங்கிக் கடன் இருந்தால் தடையில்லாச் சான்றும், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ம் தேவை. கூடவே ஒரு வெள்ளைத் தாளில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வண்டி ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடட்டும். விலையையும் எழுதட்டும்.

இன்சூரன்ஸையும் மறக்கக்கூடாது. வண்டி கைமாறியதும் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும் தானாகவே புதியவருக்கு வந்துவிடும். காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பாலிசியைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும். மாமா சேர்த்து வைத்த 'நோ கிளெய்ம் போனஸ்' மாமாவுக்குத்தான். அது காரோடு வராது.

இன்னொன்று. "மாமா வண்டிதானே" என்று மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் கியர்பாக்ஸ் படுத்துவிட்டால், "தெரிஞ்சே தலையில கட்டிட்டாரு!" என்று பேச்சு வருகிறது. அடுத்த கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் இரண்டு பந்தி! வாங்கும் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டால் மாமா கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்தாலும் அது ஒரு நாள் கோபம்.

டமார், டுமீர்!

கார் வந்த மறுநாளே மருமகன் ஜி.பி. ரோட்டுக்கு ஓடுகிறான். காது கிழியும் சைலன்சர், அகலமான டயர். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியாகிவிட்டது. கம்ப்யூட்டரை வைத்து எஞ்சின் சக்தியையும் ஏற்றியாகிவிட்டது. தெருவில் கிழவிகள் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தொட்டிலில் குழந்தை அலறுகிறது.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனி தயாரித்து ஒப்புதல் வாங்கிய அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை விதிகளை மீறினால், முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு; லைசென்சும் 3 மாதம் முடங்கும்.

அந்த அபராதம் யார் வாசலுக்குப் போகும்? பெயர் மாற்றாவிட்டால், சைலன்சரைக் கண்ணால்கூடப் பார்க்காத மாமாவைத் தேடித்தான் முதலில் வருவார்கள்!

காசைக் கொட்டும் இடம்

கையில் காசு இருந்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொட்டும் இடம் தெரிய வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய விசையின் ஆற்றல் நாலு மடங்காகிறது. எனவே முதல் செலவு பிரேக்குக்கு! பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். "2319" என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பார்க்கப் புதுசாக இருந்தாலும், ரப்பருக்கு வயசு உண்டு. கம்பெனி அந்த மாடலுக்குச் சொன்ன அளவில் நல்ல டயர் போட்டால் போதும். பிறகு ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், கூலன்ட். இவற்றைச் சரிசெய்தாலே பழைய கார் புதுப் பெண்ணாக நடக்கும். தாழ்த்திய காரோ, நம் ஊர் மழைக்காலப் பள்ளத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்!

வேகம்தான் வேண்டுமா? அதற்கும் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமே இருக்கிறது. அங்கே ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. குறுக்கே பால்காரர் வரமாட்டார்.

சைலன்சரை மாட்டியவன் அபராதம் கட்டுகிறான். மாட்டிவிட்ட கடைக்காரரோ அடுத்த வாடிக்கையாளரை வரவேற்கிறார். சோதனை ரோட்டோடு நிற்காமல் கடை வரைக்கும் போக வேண்டும். அது போலீசார் கையில் இருக்கிறது.

பெயரை மாற்றுவது மாமா-மருமகன் கையில் இருக்கிறது. அதற்கு மாமா தயங்கினால், "உங்க நல்லதுக்குத்தான் மாமா" என்று மருமகனே படிவத்தை நீட்டட்டும். அந்தக் கையெழுத்து காய்ந்த பிறகு சாவியை வாங்கட்டும். கார் பத்து வருஷம் ஓடும். மாமா உறவு அதற்கப்புறமும் வேண்டும்!