மருந்தைக் கண்டால் மட்டும் போதுமா?

1928-ல் லண்டனில் பிளெமிங் என்பவர் பெனிசிலினைக் கண்டார். அதனால் நோயாளிகளுக்கு உடனே ஏற்பட்ட பலன் என்ன என்று கேட்கின்றோம். 1941-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு போலீஸ்காரருக்கு அம்மருந்தைக் கொடுத்தார்கள். உடம்பு தேறி வந்தது. அவரது சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்துக் கொடுத்தும் போதாமல், இருப்புத் தீர்ந்து, அவர் இறந்தார்.

அன்று பூஞ்சணம் தட்டுகளில் மேலாக மட்டுமே படர்ந்தது. பின்னர் அமெரிக்காவில் பியோரியா ஆராய்ச்சிசாலையார் மக்காச்சோளம் ஊறிய கழிவுநீரை அதற்கு உணவாக்கி விளைவைப் பெருக்கினார்கள். 1944-ல் புரூக்ளினில் பைசர் கம்பெனியார் 7,500 காலன் தொட்டிகளில் கிருமியற்ற காற்றை ஊதிக் கலக்கி, தொட்டி முழுவதும் விளையச் செய்தார்கள்.

கண்டவருக்கு 1945-ல் நோபல் பரிசு கிடைத்தது. தொட்டி அமைத்தவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? தோழர்களே! இனி எவரேனும் புதுமருந்து கண்டோம் என்பாரேயானால், எத்தனை பேருக்குச் செய்வீர்கள், என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். குடிசைக்கு எட்டாத மருந்து யாருக்காக என்பதே நமது கேள்வியாகும்.