சுரங்க வெடி: பாதுகாப்புக்கு வழி உண்டு; பின்பற்றுவது யார்?

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைக்கு வெடி வைத்த இடம் அது. தங்கம் நின்றது; பாறை ஆராய்ச்சி நிற்கவில்லை. 1988-ல் தங்கவயலில் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம், பின்னர் பெங்களூருக்கு வந்து இயங்குகிறது. பாறையை ஆபத்தில்லாமல் உடைப்பது எப்படி என்பதும் அதன் ஆய்வில் ஒன்று.

இந்தக் கேள்வி மிகக் கடுமையாக எழுவது நிலக்கரிச் சுரங்கத்தில்தான்.

தீப்பொறியே எமன்

தங்கச் சுரங்கத்தில் பயம் பாறைச் சரிவும் தூசியும். கரிச் சுரங்கத்தில் அவற்றோடு மீத்தேன் வாயுவும் சேருகிறது. காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கரித் தூசியும் பற்றிக்கொண்டால் சுரங்கமே சுடுகாடாகும். 1965 மே 28-ல், இன்றைய ஜார்கண்டில் உள்ள டோரி சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 268 பேர் மாண்டனர்.

எனவே, குவாரியில் போடும் வெடியைக் கரிச் சுரங்கத்தில் போட முடியாது. சுரங்கப் பாதுகாப்புத் துறை அனுமதித்த தனி வெடிமருந்தே வேண்டும். அதில் உப்பு கலந்திருக்கும். வெடிக்கும்போது உப்பு சூட்டை உறிஞ்சி, சுடரின் வேகத்தையும் நேரத்தையும் குறைக்கிறது. துளையின் வாயைக் களிமண்ணால் இறுக அடைப்பதும் சுடர் வெளியே பாயாமல் தடுக்கவே. நீர் நிரப்பிய பைகளை வைத்தால் தூசியும் அடங்கும். மில்லி வினாடி இடைவெளியில் துளைகள் அடுத்தடுத்து வெடித்தால் கூரையின் அதிர்ச்சி குறைகிறது.

வெடித்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் நிற்கும். காற்றோட்டம் அவற்றை வெளியேற்றும் வரை உள்ளே போகக் கூடாது. வெடிக்கே வேலையில்லாமல் கரியை வெட்டி எடுக்கும் இயந்திரங்களும் இந்தியச் சுரங்கங்களுக்கு வந்துவிட்டன.

சட்டமும் செலவும்

நைட்ரோகிளிசரின் வெடிமருந்துக்கு இந்தியாவில் 2004-ல் தடை வந்தது. ஆனால் காகிதத்தில் உள்ள சட்டம் தொழிலாளியைக் காப்பாற்றாது. 2021 பிப்ரவரியில், பெங்களூருக்கு அருகே சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில், ஜெலட்டின் குச்சிகளை அப்புறப்படுத்தும்போது வெடித்து 6 பேர் இறந்தார்கள். அது கரிச் சுரங்கமல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: வெடிமருந்தைத் தொடுகிறவனுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாவிட்டால் எந்தத் தொழில்நுட்பமும் பயன் தராது.

களிமண் விலையுயர்ந்த பொருளல்ல. காத்திருக்க வேண்டிய நேரம்தான் முதலாளிக்குச் செலவாகத் தெரிகிறது. ஒப்பந்தக் கூலி "இன்னும் புகை போகவில்லை" என்று சொல்லி வெளியே நிற்கவும், அதற்காக வேலையை இழக்காமல் இருக்கவும் முடியவேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் பாதுகாப்பு என்பது வெறும் பலகை எழுத்தே.